மூன்று நூல் குட்டை

எனக்குப் பொறுமை கிடையாது. அம்மா சொல்லுவாள், கட்டிக்கொண்டவர் சொல்லுவார், ஒரு மேலதிகாரி அதைக் காகிதத்திலேயே எழுதிவைத்துவிட்டார். ஓரிடத்தில் உட்கார வராது. உட்கார்ந்தாலும் கை எதையாவது நோண்டிக்கொண்டிருக்க வேண்டும். கொல்லிமலைக் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த நான்கு வருஷமும் என் கை நோண்டியது என் பிஸ்டலைத்தான். மற்றவர்கள் எப்போதாவது துடைப்பார்கள். நான் இரண்டு நாளுக்கு ஒரு தரம் கழற்றிப் பூட்டுவேன். கடமை உணர்ச்சி மிக்கவள் என்று பேர் வாங்கினேன். உண்மையில் அது வெறும் கை அரிப்பு.

அந்த அரிப்புதான் என்னை மாட்டிவிட்டது. சமவெளிக்கு மாற்றல் உத்தரவு வந்து, சார்ஜ் ஒப்படைக்க ஒரு வாரம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, நிலையத்துக்குப் பின்னால் பலாமரத்தடி பெஞ்சில் பழைய பேப்பரை விரித்து, பிஸ்டலைத் துடைத்துப் பூட்டினேன். மேகசின் இல்லை, உள்ளே குண்டு இல்லை. பார்த்துக்கொண்டேன். மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, கையோடு பிடித்து மெதுவாக முன்னால் விட்டேன். எப்போதும் கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அன்று வரவில்லை. ஸ்லைடு மூடுவதற்கு ஒரு முடியளவு முன்னால் நின்றுவிட்டது. கட்டைவிரலால் தள்ளினேன், மூடிக்கொண்டது.

துப்பாக்கியைத் தொட்டிராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சுட்டதும் இந்த ஸ்லைடு பின்னால் ஓடிக் காலிக் கூட்டை வெளியே எறியும். குழலுக்கு அடியில் இருக்கும் ஒரு ஸ்பிரிங்தான் அதை மறுபடி முன்னால் தள்ளி, அடுத்த குண்டைக் குழலுக்குள் ஏற்றி, முழுசாக மூட வேண்டும். கடைகளில் கண்ணாடிக் கதவைத் தானாகச் சாத்துகிற ஸ்பிரிங் மாதிரிதான். அங்கே கதவு கொஞ்சம் திறந்து நின்றால் ஏசிக் காற்று வெளியே போகும், அவ்வளவுதான். பிஸ்டல் ஒரு முடியளவு திறந்து நின்றால், எதிரே யார் நின்றாலும், எவ்வளவு அழுத்தினாலும் சுடாது.

பத்துத் தரம் இழுத்து விட்டுப் பார்த்தேன். மூன்று தரம் நின்றது. இன்னும் பத்து. நான்கு தரம் நின்றது. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். டீ வந்தது, ஆறிப்போனது. ஒரு வாரத்தில் போகிறவள்தானே, வாயை மூடிக்கொண்டு ஒப்படைத்துவிட்டுப் போனால் என்ன என்று ஒரு நினைப்பு வந்ததை மறைக்க மாட்டேன். வந்தது. அது முழுசாக வந்து முடிவதற்குள் போன் அடித்தது.

எனக்கு அடுத்து வரப்போகிற பெண். பயிற்சி முடித்து முதல் போஸ்டிங், குரலில் இன்னும் பரேடு மைதானத்து விறைப்பு.

"அக்கா, மேல குளிருமுங்களா? ஸ்வெட்டர் வாங்கிட்டு வரட்டுங்களா?"

வாங்கிக்கொண்டு வா என்றேன்.

"உங்க பிஸ்டல் எனக்குத்தான் வருதாமுங்களே? கைராசிப் பிஸ்டல்னு கீழயே பேசிக்கறாங்க. எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லிட்டேனுங்க. இப்பத்தான் அவங்களுக்கு நிம்மதி."

போனை வைத்துவிட்டு நிலையத்தை மூன்று சுற்று சுற்றினேன். பாரா நின்ற காவலர் என்னவோ ஏதோ என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கைராசி என்ற பேர் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் இருக்கிறது. எங்கள் மலையடிவாரத்து ஊர்களில் விதைப்புக்கு முதல் கை போடக் கைராசிக்காரர் ஒருவரைத் தேடிக் கூப்பிடுவார்கள். அவர் கை பட்டால் விளையும். மூன்று ஊருக்கு ஒரே ஆள் போவதும் உண்டு. அந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் நாங்கள் பாதிப்பேர். காக்கிச் சட்டை போட்டதும் அதெல்லாம் கழன்றுவிடுமா?

வருஷத்துக்கு ஒரு தரம் கீழே சுடுதளத்தில் எல்லோருக்கும் துப்பாக்கிப் பயிற்சி. தேறினால்தான் ஆயுதத்தோடு டூட்டி. ஒவ்வொருவரும் அவரவர் பிஸ்டலால் சுட வேண்டும், ஆளுக்கு இருபது ரவுண்டு. நான் மலைக்கு வந்த முதல் வருஷம், எங்கள் நிலையத்துச் சிறப்பு எஸ்.ஐ. பிஸ்டல் இரண்டாவது ரவுண்டிலேயே சிக்கிக்கொண்டது. தேவனூர் நாட்டுக்காரர் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு), மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். பதவியில் எனக்குக் கீழே, வயதில் என்னைவிடப் பதினெட்டு மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மா என்பார், நிலையத்து வழக்கம் அப்படி. அவர் என் பக்கம் திரும்பி, "அம்மா, உங்களுதக் குடுங்க, அது கைராசி. போன எஸ்.ஐ. அய்யா இருந்தப்பவும் அதுலதானுங்க சுட்டோம்" என்றார். கொடுத்தேன். இருபதும் போனது. அவருக்கு அடுத்து நின்றவரும் கை நீட்டினார். அதற்குப் பிறகு அடிவாரத்து நிலையங்களிலிருந்து வந்தவர்கள். சாயங்காலத்துக்குள் என் பிஸ்டல் பதினைந்து பேர் கை மாறிச் சூடேறித் திரும்பி வந்தது. எங்கள் இன்ஸ்பெக்டரும் அதில்தான் சுட்டார். பயிற்சி கொடுப்பவருக்கு வரிசை முடிந்து வெயிலை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அடுத்தடுத்த வருஷங்களிலும் இதே கதைதான்.

பதிவேட்டில் மட்டும் யார் யாருக்கு எந்த நம்பர் பிஸ்டலோ அந்த நம்பரே ஏறியது. அதில் எங்கள் நிலையத்துக்கான பக்கத்தில் கையெழுத்து என்னுடையது. பொய் எழுதுகிறோம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஒத்தாசை செய்கிறோம் என்றுதான் தோன்றியது. இன்னும் சொல்லப்போனால் எனக்கு அதில் பெருமை. வரிசையில் நின்று என் பெயரைச் சொல்லி என் சாமானைக் கேட்கிறார்கள் என்றால் யாருக்குக் கசக்கும்?

கண்ணுக்கு முன்னால் அடையாளங்கள் இருந்தன. காலிக் கூடுகள் முன்பெல்லாம் நாலடி தள்ளி விழும். போன தடவை ஒரு கூடு பக்கத்து வரிசைக்காரர் காலருக்குள் போய் விழுந்து, அந்த ஆள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஒரு மைதானமே சிரித்தது. கையில் உதை கூடியிருந்தது. என் பிஸ்டலுக்கு வேகம் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஸ்பிரிங் செத்தால்தான் கூடு அப்படிப் பறக்கும், உதை அப்படிக் கூடும் என்று பயிற்சியில் படித்ததுதான். படித்தது நினைவுக்கு வந்தது அந்தத் திங்கட்கிழமை பெஞ்சில்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கீழே இறங்கினேன். மாவட்ட ஆயுதக் கிடங்குக்குப் போய் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம், அரை நாள் வேலை என்று கணக்கு. எழுபது வளைவும் எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் அன்று ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் வேண்டுமென்றே மெதுவாகப் போவதாக எரிச்சல் வந்தது. பக்கத்தில் பலாப்பழ மூட்டையோடு இருந்த அம்மா, "ஏன் சாமி, வகுறு சரியில்லயா?" என்று கேட்டுப் புளிப்பு மிட்டாய் கொடுத்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அடிவாரத்தில், காரவள்ளியில் பஸ் நின்றபோது எங்கள் ஊட்டுக்குப் போகிற மண்ரோடு தெரிந்தது. இறங்கி ஒரு வாய் சோறு தின்னலாம். இறங்கவில்லை.

ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிறவரை எல்லோரும் ஆர்மரர் என்றுதான் கூப்பிடுவோம். தலை நிமிராமல் பேசுகிற மனிதர். மேசை மேல் ஒரு பழைய லுங்கித் துணி, அதில் பொருட்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்க கணக்குல நூறு ரவுண்டுகூட இல்லீங்க மேடம். அதுக்கு முன்னாடி இருந்தவரையும் சேத்தா எரநூறு வரும். இந்த ஸ்பிரிங்க ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு ஒருக்காத்தான் மாத்துவோம். இது புதுசு மாதிரிங்க."

"வருஷமாகி லூஸாகியிருக்காதா?"

"சும்மா வெச்சிருந்தா ஸ்பிரிங் சாவாதுங்க. ஓடி ஓடித்தான் சாவும்."

"நீங்களே இழுத்துப் பாருங்க."

இழுத்தார். நின்றது. மறுபடி இழுத்தார். அப்போதுதான் முகத்தை நிமிர்த்தினார். பிஸ்டலைக் கழற்றி, என் ஸ்பிரிங்கை எடுத்து மேசையில் வைத்தார். டப்பாவிலிருந்து ஒரு புது ஸ்பிரிங்கை எடுத்து அதன் பக்கத்தில் படுக்க வைத்தார். ஒரு முனையை விரலால் சமமாக்கினார். மறுமுனையில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி தெரிந்தது.

"மூணு நூல் குட்டை," என்றார். "மேடம், இது எரநூறு ரவுண்டு சுட்ட ஸ்பிரிங் இல்லீங்க. எத்தன சுட்டிருக்கும்?"

"புக்குல இருக்கறதுதான்," என்றேன். வாயில் அந்தப் புளிப்பு இன்னும் இருந்தது.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பது வருஷமாக எத்தனை பேர் அதே பதிலை அதே முகத்தோடு சொல்லியிருப்பார்கள்! பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கெடுவுக்கு முன்னாடி மாத்துனா காரணம் எழுதோணும். தயாரிப்புலயே கொறைன்னு எழுதிக்கறேன். நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. புதுசு மாட்டிக் குடுத்தர்றேன், மத்தியான பஸ்ஸப் புடிச்சரலாம்" என்றார்.

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். பேனாவை வாங்கினேன். புது ஸ்பிரிங் வரும், வரப்போகிற பெண்ணுக்கு நல்ல பிஸ்டல் கிடைக்கும், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். அவர் என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு பதிவேட்டில் அடுத்த பக்கங்களைப் புரட்டிச் சொன்னார்:

"உங்க ஸ்டேசன்ல மத்த மூணும் அருமையா இருக்குதுங்க. இத்தன வருசத்துல ஒரு ரவுண்டுகூடச் சிக்குனதா எழுதல. அதையெல்லாம் தொடவே வேண்டியதில்ல."

பேனா அப்படியே நின்றது. அந்த மூன்றும் அருமையாக இல்லை. அந்த மூன்றும் சுடவே இல்லை. சிக்கியதும் ஓரமாக வைத்துவிட்டு என்னுடையதை வாங்கிச் சுட்டார்கள். நான் கொடுத்தேன், சிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் பிஸ்டல் நாலு பிஸ்டல் வேலையையும் செய்து தேய்ந்தது. மற்றவை பழுதோடு தூங்கின, அந்தத் தூக்கத்துக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்தது நான். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டு மலையேறினால் இனி வருகிறவளும் கொடுப்பாள், அவளிடமும் கை நீட்டுவார்கள். நாலு பேர் இடுப்பில் நாலு பிஸ்டல், அதில் மூன்று வெறும் இரும்பு.

"ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்க," என்றேன்.

"எதுக்குங்க?"

சொன்னேன். யார் யார் சுட்டார்கள், எத்தனை பேர், எத்தனை வருஷம், எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரோசிச்சு எழுதுங்க மேடம். அத்தனையிலயும் உங்க கையெழுத்துத்தான் இருக்குது. மெமோ வரும். மாத்தலே நின்னாலும் நிக்கும். அத்தன பேரும் மறுபடி வந்து சுடோணும், தேறலைன்னா ஆயுத டூட்டி கெடையாது. உங்க மேல காறித் துப்புவாங்க."

எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். இரண்டு பக்கம் எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அவர் புது ஸ்பிரிங்கை மாட்டி, இழுத்து விட்டார். 'டக்' என்றது. நல்ல சத்தம்தான், ஆனால் எனக்கு அப்போது எதுவும் நல்லதாகக் கேட்கவில்லை.

மேலே ஏறியதும் நேராகச் சிறப்பு எஸ்.ஐ.யின் தோட்டத்துக்குப் போனேன். அன்று அவருக்கு வார ஓய்வு. ஏணி போட்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகுக்கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் இறங்கிய பிறகு சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பொறுமை கிடையாதே.

"எழுதிட்டீங்களா, எழுதப் போறீங்களா?" என்றார் மேலிருந்தே.

"எழுதிக் குடுத்துட்டேன் அண்ணா."

கொடியை முடிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, நிதானமாக இறங்கி வந்தார். அவர் மனைவி வாசலில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு முறத்தோடு உள்ளே போய்விட்டார்.

"எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் மூணு வருசமுங்க," என்றார் அவர். "இந்த வயசுல திரும்பப் போயி வரிசையில நிக்கச் சொல்றீங்க. செரி. ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டுட்டு எழுதியிருக்கலாமுங்க."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமாங்க, சொல்லியிருப்பேன்," என்றார். டீ குடிக்கச் சொல்லவில்லை. அந்த ஊட்டில் டீ குடிக்காமல் திரும்பியது நான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான்.

அடுத்த மூன்று நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், நடந்தே போயின. நிலையத்துக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் இருக்கும் ரோட்டை நான் தேய்த்த தேய்ப்பில் தார் உரிந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் போனில், "ஒரு ஸ்பிரிங்குக்காக ஊரையே கூட்டிட்டியேம்மா" என்று கத்தினார். அவர் கத்தலில் நியாயம் இருந்தது. அவரும் வந்து சுட வேண்டுமே. மெமோ வந்தது. மாற்றல் நிற்கவில்லை, ஆனால் விளக்கம் கேட்டிருந்தார்கள். நிலையத்தில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. டீ வந்தது, சர்க்கரை குறைவாக. அது தற்செயலாகவும் இருக்கலாம். அந்த மூன்று நாளும் எனக்கு எதுவும் தற்செயலாகத் தெரியவில்லை. இவ்வளவு பேர் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொண்டு, அந்த மூன்று பிஸ்டலும் பழுதில்லாமல் பட்பட்டென்று சுட்டுவிட்டால் என் நிலைமை என்ன? அவை சுட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன், சுடக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமிக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை சுடுதளத்தில் எல்லோரும் நின்றோம். அவரவர் பிஸ்டல், அவரவர் இருபது ரவுண்டு. இந்தத் தடவை ஆர்மரரே வந்து, நம்பரைப் படித்துப் பார்த்துக் கையில் கொடுத்தார். இன்ஸ்பெக்டருடையது ஏழாவது ரவுண்டில் ஒரு தரம் சிக்கியது, பிறகு ஓடியது. அவர் என்னைப் பார்க்காமல் போய் ஜீப்பில் உட்கார்ந்தார். எங்கள் நிலையத்து இன்னொருவருடையது நான்கு தரம் நின்றது. மூன்றாவதாகச் சிறப்பு எஸ்.ஐ. போய் நின்றார். நல்ல நிலை, நல்ல பிடி. அவர் கையில் ஒரு குறையும் கிடையாது, எப்போதுமே.

அழுத்தினார். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று, குறியை விட்டுக் குழலைத் திருப்பாமல் அப்படியே பிடித்திருக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அந்த ரவுண்டை வெளியே எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றினார். 'டிக்'. மூன்றாவது. 'டிக்'.

ஆர்மரர் பிஸ்டலை வாங்கி அங்கேயே ஒரு துணியை விரித்துக் கழற்றினார். குண்டின் பின்புறத்தை அடிக்க வேண்டிய ஊசி, அதன் துளைக்குள் அசையாமல் ஒட்டிக்கிடந்தது. ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினார். நுனியில் பழுப்பாக ஒரு பசை வந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"சந்தனமுங்க," என்றார். "ஆயுத பூசைக்கு வெச்சது. எண்ணெயில ஊறி உள்ள எறங்கி, வருச வருசமா எறுகிப் போச்சு. இது சுட்டே மூணு நாலு வருசம் இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். சிறப்பு எஸ்.ஐ.யும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றது. மண்மூட்டைகள் அடுக்கிய இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அவருக்கு வேர்த்திருந்தது. நான் தண்ணீர் பாட்டிலோடு போனேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"எடப்புளி நாட்டுப் பக்கம், தம்பிய வெட்டிப்போட்டுக் கொடுவாளோட ஊட்டுக்குள்ள நின்னானே, ஒருத்தன்," என்றார். "அவனப் புடிக்கப் போனமே."

"ஆமாங்ணா."

"கதவ ஒதைச்சு நான் முன்னாடி போனேன். நீங்க எனக்குப் பின்னாடி."

எனக்கு நினைவிருந்தது. நான் முன்னால் போகிறேன் என்றபோது அவர் என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். அந்த ஆள் அவரைப் பார்த்ததும் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தான். நல்லவேளை என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு திரும்பினோம்.

"கையில பிஸ்டல் இருக்குதுன்னுதானுங்க முன்னாடி போனேன்," என்றார். "அவன் ஓங்கியிருந்தான்னா?"

என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது, அன்றைக்கு வந்திருக்க வேண்டிய பயம், காலிலிருந்து மேலே ஏறியது.

"மொத வருசம் எனக்கு அது சிக்குச்சு பாருங்க," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "அன்னைக்கு நீங்க உங்களுதக் குடுத்திருக்கக் கூடாதுங்கம்மா. அன்னைக்கே நான் தோத்திருக்கோணும். தோத்திருந்தா அப்பவே கழட்டிப் பாத்திருப்பாங்க."

"மன்னிச்சுக்குங்க அண்ணா," என்றேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து எனக்குக் கீழே இருக்கும் ஒருவரிடம் நான் சொல்லியிராத வார்த்தை.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குங்க? எழுதுனதுக்கா, குடுத்ததுக்கா?"

"குடுத்ததுக்கு."

"அப்பச் செரிங்க," என்றார். பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார். ஆர்மரர் ஊசியைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தார். சிறப்பு எஸ்.ஐ. எழுந்து போனார். என் இடுப்பில் புது ஸ்பிரிங்கோடு பிஸ்டல் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. தன்னுடையதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, மறுபடி முதல் ரவுண்டிலிருந்து சுட, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.